டிக்கன்ஸ் அரை மணி நேரத்தில் பிழைக்கிறார், ஜார்ஜ் எலியட்டுக்கு ஆறு மணி நேரமும் போதவில்லை. ஏன்?

கல்தூண் எழுதியது:

சில மாதங்களாக 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களை வைத்து பி.பி.சி. எடுத்த தொடர்களைப் பழசு புதுசு பார்க்காமல் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கப் பார்க்க ஓர் எண்ணம் வலுத்துவிட்டது. இங்கே போடுகிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இந்தத் தொடர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "நாவலுக்கு விசுவாசமாக இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறோம். அப்போது நாம் கணக்கெடுப்பது சம்பவங்களை மட்டும். எந்தப் பாத்திரத்தை வெட்டினார்கள், எந்தக் கல்யாணத்தை மாற்றினார்கள், எந்த வசனம் புத்தகத்தில் இல்லை, இப்படி. ஆனால் இந்த நாவல்கள் பலவற்றில் முக்கியமான பாத்திரமே கதைசொல்லிதான். பெயர் கிடையாது, முகம் கிடையாது, ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம் நம்மிடம் பேசிக்கொண்டே வருவார். கேமரா வந்ததும் முதலில் வேலை போவது அவருக்குத்தான். ஆகவே என் கட்சி இது: கதைசொல்லியை எடுத்துவிட்டாலும் நிற்கிற நாவல்தான் தொலைக்காட்சியில் நிற்கும்.

டிக்கன்ஸ் நிற்கிறார். 2005இல் வந்த 'பிளீக் ஹவுஸ்' பாருங்கள். ஆண்ட்ரூ டேவிஸ் திரைக்கதை, 15 எபிசோட். முதலாவது ஒரு மணி நேரம், மிச்சம் எல்லாம் அரை மணி. 'ஈஸ்ட்எண்டர்ஸ்' என்ற ஜனரஞ்சக சீரியல் முடிந்த கையோடு ஒளிபரப்பினார்கள். டிக்கன்ஸுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1852 மார்ச்சிலிருந்து 1853 செப்டம்பர் வரை அந்த நாவல் மாதாமாதம் ஒரு ஷில்லிங் விலையில் மெல்லிய இதழாக வந்தது: 32 பக்கம், இரண்டு படம். வாங்கியவன் அடுத்த மாதமும் வாங்கியாக வேண்டும், போன மாதம் வந்தவர்களை மறந்துவிடவும் கூடாது. அதனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பேச்சு, ஒரு சேஷ்டை ஒட்டிவைத்திருப்பார். ஸ்மால்வீட் கிழவன் நாற்காலியில் சரிந்து சரிந்து, தன்னைத் தூக்கி உலுக்கிவிடச் சொல்லிப் பேத்தி ஜூடியைக் கூப்பிடுவானே, நடிகர் ஃபில் டேவிஸ் அதை ஒவ்வொரு முறையும் செய்யும்போது, அந்த நாவல் தான் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்ட மாதிரி எனக்குப் பட்டது.

இப்போது 'மிடில்மார்ச்', 1994. ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரில் ஒரு பெண் எழுதிய நாவல். அதே ஆண்ட்ரூ டேவிஸ், ஆறு எபிசோட், நல்ல நடிகர்கள். குறை சொல்ல முடியாத தொடர். ஆனாலும் நாவலின் 29ஆம் அத்தியாயம் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. "ஒரு நாள் காலை டொரதியா..." என்று ஆரம்பித்த கதைசொல்லி சட்டென்று நிறுத்தி, "ஏன் எப்போதும் டொரதியா?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். அப்புறம், நாம் எல்லோரும் வெறுத்துக்கொண்டிருந்த டொரதியாவின் கணவர், வருடக்கணக்காகக் குறிப்பு சேர்த்தும் புத்தகத்தை எழுதாத கசாபன் கிழவரின் மனதுக்குள் நம்மைக் கூட்டிப்போவார். அவருக்கும் நம்மைப் போலவே பசி உண்டு, பயம் உண்டு என்பார். நம் வெறுப்பை அப்படியே பிடித்து நம் பக்கமே திருப்புகிற அந்த இடம்தான் என்னைப் பொறுத்தவரை அந்த நாவல். கேமரா அதை எப்படிச் செய்யும்?

தலைமறைவு எழுதியது:

ஸ்பாய்லர் எச்சரிக்கை போடாமல் கசாபன் மனதுக்குள் எல்லாம் போய்விட்டீர்களே. புத்தகம் வந்து 150 வருடம்தான் ஆகிறது.

மழைக்கால வாசகி எழுதியது:

கல்தூண், கசாபனாக நடித்த பேட்ரிக் மலஹைடை மறந்துவிட்டீர்களா? தேனிலவுக்குப் போன ரோமில் டொரதியா ஏதோ ஒரு நல்ல எண்ணத்தில், எப்போது எழுதத் தொடங்குவீர்கள் என்று கேட்கிறாள். மனிதரின் முகத்தைப் பாருங்கள். தான் எதையும் எழுதப்போவதில்லை என்பது தனக்கே தெரியும், இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டதோ என்ற பயம். நீங்கள் சொல்கிற 29ஆம் அத்தியாயம் அந்த முகத்தில் இருக்கிறது. கதைசொல்லி இரண்டு பக்கத்தில் சொன்னதை நடிகர் இரண்டு விநாடியில் காட்டினால் அதுவும் கணக்கில் வரவேண்டாமா?

இன்னொன்று. டிக்கன்ஸ் தவணையில் எழுதினார், அதனால் சீரியலுக்குப் பொருந்துகிறார் என்கிறீர்கள். 'மிடில்மார்ச்'சும் தவணையில் வந்ததுதானே? 1871 டிசம்பரில் தொடங்கி எட்டுப் பகுதிகள். அப்படியென்றால் தவணை காரணம் இல்லை, வேறு ஏதோ இருக்கிறது.

கல்தூண் எழுதியது:

தவணையில் வந்தது சரி. ஆனால் ஒவ்வொரு பகுதியும் ஐந்து ஷில்லிங், பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஒன்று, ஏறக்குறைய தனிப் புத்தகம் அளவுக்குக் கனம். நடைபாதையில் நின்று வாங்கிப் போகிற இதழ் இல்லை. பகுதி முடிகிற இடத்தில் யாரும் துப்பாக்கியோடு கதவைத் தட்டமாட்டார்கள். 'பிளீக் ஹவுஸி'ல் பழைய சாமான் கடைக்காரன் க்ரூக் ஒரு இதழின் முடிவில் தானாகவே பற்றியெரிந்து சாம்பலாகிறான்! அறையில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும்தான் மிச்சம். மனிதன் அப்படி எரிவானா என்று விமர்சகர் ஜி.எச். லூயிஸ் அந்தக் காலத்திலேயே டிக்கன்ஸோடு சண்டை போட்டார். (அந்த லூயிஸ்தான் பின்னால் ஜார்ஜ் எலியட்டின் வாழ்க்கைத் துணையாகி, அவரை நாவல் எழுதத் தூண்டியவர். இந்த இழைக்கு இதைவிட நல்ல தற்செயல் கிடைக்காது.)

மலஹைட் பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் பிடித்தது. ஆனால் அவர் நமக்குக் கசாபன் மேல் பரிதாபம் வரவைக்கிறார். கதைசொல்லி செய்வது வேறு. பரிதாபப்படாமல் இருந்ததற்காக நம்மை வெட்கப்பட வைக்கிறார்.

வடக்குவாசல் எழுதியது:

டிக்கன்ஸில் கதைசொல்லி முக்கியமில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 'பிளீக் ஹவுஸி'ல் ஒருவர் இல்லை, இரண்டு பேர். பாதி நாவலை எஸ்தர் என்ற இளம்பெண் தன் கதையாக இறந்த காலத்தில் சொல்கிறாள். மீதியைப் பெயரில்லாத ஒரு குரல் நிகழ்காலத்தில், ஊருக்கு மேலே பறந்துகொண்டு சொல்கிறது. இரண்டும் மாறி மாறி வருவதால்தான் அந்த நாவலுக்கே ஆழம். முதல் பக்கத்து மூடுபனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு மேலே பனி, கீழே பனி என்று அடுக்கிக்கொண்டே போய், பனியின் நட்டநடுவில் நீதிமன்றத்தில் லார்ட் சான்சலர் உட்கார்ந்திருக்கிறார் என்று முடிப்பார். பனியைக் கேமரா காட்டும். சட்டம்தான் பனி என்று அதால் சொல்ல முடியாது.

2005 தொடரில் வக்கீல் டல்கிங்ஹார்னுக்குக் கிளாம்ப் என்று ஒரு குமாஸ்தாவைப் புதிதாக வைத்திருக்கிறார்கள், கவனித்தீர்களா? நாவலில் அப்படி ஓர் ஆளே கிடையாது. அங்கே அந்த வக்கீலின் பயங்கரமே அவர் யாரிடமும் எதையும் சொல்லமாட்டார் என்பதுதான். அவர் மனதில் ஓடுவதைக் கதைசொல்லி கோடி காட்டுவார். தொலைக்காட்சியில் கோடி காட்ட ஆள் இல்லை, அதனால் காது கொடுக்க ஒரு குமாஸ்தா. உங்கள் கட்சிக்கு நானே சாட்சி சொல்கிறேன் போலிருக்கிறது. ஆனால் டிக்கன்ஸும் அடிபட்டிருக்கிறார் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கல்தூண் எழுதியது:

கிளாம்ப் அருமையான உதாரணம். அடிபட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சாகவில்லை. அந்தக் குரலை எடுத்த பிறகும் சார்லஸ் டான்ஸின் டல்கிங்ஹார்ன் இருக்கிறார், கிலியன் ஆண்டர்சனின் லேடி டெட்லாக் ஜன்னலோரம் உறைந்துபோய் நிற்கிறார், பர்ன் கோர்மனின் கப்பி தலைமுடியைப் படிய வாரிக்கொண்டு காதல் சொல்ல வருகிறார். அவ்வளவு சாமான் மிச்சம் இருக்கிறது.

யாழ்_வீணை எழுதியது:

நீங்கள் எல்லாரும் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்தது பெரிய அதிசயம். 1995, ஆறு எபிசோட், திரும்பவும் டேவிஸ்தான். அதில் கதைசொல்லி சாகவில்லை, இடம் மாறியிருக்கிறார். உலகமே மனப்பாடம் சொல்கிற அந்த முதல் வரி, பணம் உள்ள பிரம்மச்சாரிக்குப் பெண்சாதி தேவை என்பது, அதை எடுத்து நாயகி எலிசபெத்தின் வாயில் கொடுத்துவிட்டார்கள். அவளுடைய தாய், ஊருக்கு வந்த பணக்காரன் பிங்லியைப் பற்றிக் கனவு காணும்போது இவள் கேலியாகச் சொல்கிறாள். ஜெனிபர் ஈலின் கண்ணிலும் உதட்டோரத்திலும் ஆஸ்டினின் குரல் குடியிருக்கிறது. மிச்சப் பங்கு தகப்பன் பென்னட்டுக்கு. ஆகவே கேலி எங்கும் போகவில்லை.

வடக்குவாசல் எழுதியது:

அங்கேதான் சிக்கலே. நாவலில் கதைசொல்லி எலிசபெத்தையும் சேர்த்துத்தான் கேலி செய்வார். தன்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண், விக்கம் என்ற இராணுவ அதிகாரியின் இனிப்புப் பேச்சில் விழுகிறாள். படிக்கிற நாமும் கூடவே விழுகிறோம், ஏனென்றால் நாம் அவள் கண்ணால்தான் பார்க்கிறோம். அவள் வெறுத்த டார்சியிடமிருந்து உண்மையைச் சொல்லும் கடிதம் வரும்போது அவளுக்கு விழுகிற அடி நமக்கும் விழுகிறது.

தொடரில் என்ன நடக்கிறது? முதல் காட்சியே டார்சியும் பிங்லியும் குதிரையில் போவது. அப்புறம் டார்சி குளிக்கிறார், ஜன்னலிலிருந்து அவளைப் பார்க்கிறார், வாள் பயிற்சி செய்துவிட்டு இதை வென்றே தீருவேன் என்கிறார். ஆண்கள் தனியாக இருக்கும்போது என்ன செய்தார்கள் என்று ஆஸ்டின் அநேகமாக எழுதியதே இல்லை. டேவிஸ் எழுதி நிரப்பிவிட்டார். விளைவு, இந்த ஆள் இவள்மேல் கிறுக்காக இருக்கிறார் என்பது நமக்கு முன்பே தெரிகிறது. எலிசபெத் மட்டும் ஏமாறுகிறாள், நாம் ஏமாறுவதில்லை. இனிய காதல் கதைதான், மறுக்கவில்லை. நாவல் நமக்கு வைத்த பரீட்சை மட்டும் ரத்தாகிவிட்டது.

மழைக்கால வாசகி எழுதியது:

வடக்குவாசல், நீங்கள் சொல்வது சரி. இருந்தாலும் அந்தத் தொடரை நான் இன்னும் பல முறை பார்ப்பேன்.

ஸ்டாக்போர்ட்வாசி எழுதியது:

டார்சி குளத்தில் குதிக்கிற காட்சி பற்றி இன்னும் யாரும் ஆரம்பிக்கவில்லை, நான் ஆரம்பிக்கிறேன், எங்கள் ஊர்ப் பக்கம் என்பதால். டார்சியின் மாளிகை பெம்பர்லியாக வெளியிலிருந்து காட்டியது லைம் பார்க். ஸ்டாக்போர்ட்டிலிருந்து பக்கம்தான், நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பில் இருக்கிறது. உள்ளறைகள் எல்லாம் டெர்பிஷயரில் இருக்கும் சட்பரி ஹால். அதாவது எலிசபெத் ஒரு மாளிகையின் வாசலுக்குள் நுழைந்து இன்னொரு மாளிகையின் கூடத்தில் நடக்கிறாள்.

குளத்தில் குதித்தது டார்சியாக நடித்த காலின் ஃபர்த் இல்லை, சண்டைக் காட்சிக் கலைஞர் ஒருவர். அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் தொற்று வரலாம் என்ற பயம். தண்ணீருக்கு அடியில் நீந்துவது மட்டும் ஃபர்த், அதுவும் லண்டன் ஈலிங் ஸ்டுடியோ தொட்டியில். டேவிஸ் முதலில் எழுதியபடி டார்சி ஆடையில்லாமல் குதிக்க வேண்டும், கடைசியில் சட்டையோடு குதித்தார். அந்த ஈரச் சட்டைதான் தொடரின் அடையாளமே ஆகிவிட்டது. 1813இல் வந்த நாவலில் குளமும் கிடையாது, ஈரமும் கிடையாது. டார்சி குதிரை லாயப் பக்கத்திலிருந்து நடந்து வருவார், இருவரும் சங்கடத்தில் முகம் சிவப்பார்கள், அவ்வளவுதான்.

தலைமறைவு எழுதியது:

ஒரு குளியலில் 182 வருடத்துப் புத்தகம் இளமையாகிவிட்டது.

எனக்கு ஒரு சந்தேகம். எல்லாத் தொடரிலும் ஒரே தெரு வருகிறதே, அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா?

ஸ்டாக்போர்ட்வாசி எழுதியது:

உங்களுக்கு மட்டும் இல்லை. வில்ட்ஷயரில் லேகாக் என்று ஒரு கிராமம். 1995இல் அதுதான் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸி'ல் வரும் மெரிட்டன் ஊர், 2007இல் அதுதான் 'கிரான்ஃபோர்ட்'. மின்கம்பி தெரியாத பழைய தெரு என்றால் எல்லோரும் அங்கே ஓடுவார்கள். 'மிடில்மார்ச்'சுக்கு லிங்கன்ஷயரில் உள்ள ஸ்டாம்ஃபோர்ட். தொடர் வந்த பிறகு அந்த ஊருக்குச் சுற்றுலாக் கூட்டம் குவிந்தது.

பழைய கேசட் எழுதியது:

தெரு, மாளிகை எல்லாம் 90களுக்குப் பிறகு வந்த சுகம். அதற்கு முன்னால் எடுத்த தொடர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அறைக்குள் நடப்பது எல்லாம் ஸ்டுடியோவில் பல கேமரா வைத்து வீடியோவில் எடுத்தது, வெளிப்புறம் மட்டும் 16 மி.மீ. பிலிம். கதவைத் திறந்து தோட்டத்துக்கு வந்தால் படத்தின் நிறம், வெளிச்சம் எல்லாமே மாறிவிடும். கதவைச் சாத்தினால் சுவர் லேசாக ஆடும்.

ஆனால் கல்தூண் தேடுகிற பொருள் அந்த ஆடுகிற சுவருக்குள்தான் இருக்கிறது என்பேன். காட்ட மாளிகை இல்லை, எனவே பேசவிட்டார்கள். 1974இல் 'தி பாலிஸர்ஸ்', ட்ரோலோப்பின் ஆறு நாவல்களை 26 எபிசோடாக எடுத்தார்கள். 26! இன்று எந்த ஓடிடி நிறுவனம் நாடாளுமன்ற அரசியலுக்கு அவ்வளவு இடம் கொடுக்கும்? 1983 'ஜேன் எயர்', திமோதி டால்டன், ஸீலா கிளார்க், 11 அரைமணி எபிசோட். ஷார்லட் பிரான்டேயின் வசனங்களைக் கூடியவரை அப்படியே பேசுகிறார்கள். நாயகன் ராசெஸ்டர் அழகில்லாதவன் என்று புத்தகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது, டால்டன் நின்றால் யார் நம்புவார்கள் என்பது நியாயமான கேள்வி. ஆனாலும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் மாலை நேரக் காட்சிகள் முழுசாக இருப்பது அதில்தான். 2006இல் ரூத் வில்சன், டோபி ஸ்டீபன்ஸ் நடித்ததில் காற்று, புல்வெளி, ஹாடன் ஹால் எல்லாம் உண்டு. பேச்சு குறைவு.

1980 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஃபே வெல்டன் எழுதியது. டேவிட் ரின்டோலின் டார்சி கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை மாதிரி விறைப்பாக இருப்பார். புத்தகத்து டார்சி அவர்தான் என்று இன்றும் வாதாடுகிற கூட்டம் ஒன்று உண்டு. நானும் அதில் ஒருவன்.

50, 60களில் எடுத்தவற்றில் பல இப்போது இல்லவே இல்லை. நேரடி ஒளிபரப்பாகப் போனவற்றைச் சில நேரம் யாரும் பதிவே செய்யவில்லை. பதிவான டேப்பும் விலை அதிகம் என்று அழித்து மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்கள்.

கல்தூண் எழுதியது:

ட்ரோலோப்பை இழுத்துவிட்டீர்கள், நன்றி. 'பார்செஸ்டர் டவர்ஸ்' 15ஆம் அத்தியாயத்தில் கதைசொல்லி திடீரென்று நடுவில் வந்து, கவலைப்படாதீர்கள், விதவை எலினார் சூழ்ச்சிக்காரப் பாதிரி ஸ்லோப்பையும் மணக்கமாட்டாள், பெர்ட்டி ஸ்டான்ஹோப்பையும் மணக்கமாட்டாள் என்று சொல்லிவிடுவார். வாசகனிடம் ரகசியம் வைத்து விளையாடுவது தனக்குப் பிடிக்காதாம். சஸ்பென்ஸைத் தானே கழுத்தை நெரித்துக் கொல்லுகிற நாவலாசிரியர்!

1982 'பார்செஸ்டர் கிரானிக்கிள்ஸ்' ஏழு எபிசோடும் பிரமாதம். ஆலன் ரிக்மன் ஸ்லோப்பாக வந்து நிற்கும்போது அறையே பிசுபிசுக்கிறது. ஆனால் அந்த விளையாட்டு அதில் கிடையாது. எலினார் ஸ்லோப்பிடம் சிக்குவாளோ என்று நாம் கவலைப்படத்தான் வேண்டியிருக்கிறது. ட்ரோலோப் வேண்டாம் என்று வைத்த கவலை.

யாழ்_வீணை எழுதியது:

ஒருவரும் எலிசபெத் காஸ்கெல்லை எடுக்கவில்லை. 2004 'நார்த் அண்ட் சவுத்', சாண்டி வெல்ச் எழுதிய நாலு எபிசோட். பஞ்சாலைக்குள் மார்கரெட் முதல் முறை நுழைகிற காட்சி, பஞ்சுத் துகள் பனி மாதிரிப் பறக்கிறது, நடுவில் ஆலை முதலாளி தோர்ன்டன் ஒரு தொழிலாளியைப் போட்டு அடிக்கிறார். புகைபிடித்தால் ஆலை முழுக்கத் தீப்பிடிக்கும் என்பதால் வந்த கோபம். நாவலில் இந்த அடிதடி இல்லை. ஆனால் அந்த ஒரு காட்சியில் வட இங்கிலாந்து, பஞ்சு, பணம், நெருப்புப் பயம், நுரையீரல் நோய் எல்லாம் வந்துவிடுகிறது. ஆலையில் வேலை பார்த்த பெஸ்ஸி பின்னால் சாகப்போவது அந்தத் துகளால்தான். கதைசொல்லி போன இடத்தை ஒரு காட்சி நிரப்பலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேணுமா?

இன்னொரு விசயம். தவணை டிக்கன்ஸுக்குச் சுகம், எல்லாருக்கும் இல்லை. 'நார்த் அண்ட் சவுத்' 1854-55இல் வாரத் தவணையாக வந்தது டிக்கன்ஸே ஆசிரியராக இருந்த 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' இதழில். அந்தத் தலைப்பே அவர் வைத்ததுதான். காஸ்கெல் 'மார்கரெட் ஹேல்' என்றுதான் வைக்க நினைத்தார். அத்தியாயங்களைச் சுருக்கு, முடி என்று நெருக்கடி. கடைசிப் பகுதி அவசரமாக முடிந்துவிட்டது என்று அவருக்கே மனக்குறை, புத்தகமாக வந்தபோது சேர்த்து எழுதினார். ஆகவே, நாவலுக்கு விசுவாசம் என்றால் எந்த நாவலுக்கு? இதழில் வந்ததற்கா, புத்தகத்துக்கா?

பழைய கேசட் எழுதியது:

தோர்ன்டனாக 1975இல் பேட்ரிக் ஸ்டூவர்ட் நடித்திருக்கிறார் என்ற தகவலை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வடக்குவாசல் எழுதியது:

யாழ்_வீணை கேட்ட கடைசிக் கேள்வி இந்த இழையிலேயே பெரியது. தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' 1891இல் 'தி கிராஃபிக்' வார இதழில் வந்தபோது, வெள்ளம் நின்ற பாதையில் ஏஞ்சல் என்ற இளைஞன் பால்காரப் பெண்களைக் கையில் தூக்கிக் கடக்கவிடுவது ஆபாசம் என்று ஆசிரியர் நினைத்தார். ஹார்டி ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து பெண்களை அதில் ஏற்றிவிட்டார். புத்தகத்தில் மறுபடி கைதான். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முடிவை நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதற்காக டிக்கன்ஸே மாற்றி எழுதினார். முதலில் எழுதியதில் நாயகன் பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் தெருவில் ஒரு நிமிடம் பார்த்துப் பிரிகிறார்கள், அவ்வளவே. அச்சில் வந்ததில் ஒரு நம்பிக்கை தொக்கி நிற்கிறது.

மூல ஆசிரியர்களே சந்தைக்கும் பத்திரிகைக்கும் நண்பருக்கும் வளைந்திருக்கிறார்கள். தொலைக்காட்சிக்காரர் வளைந்தால் மட்டும் கோபம் வருவானேன்?

கல்தூண் எழுதியது:

வளைப்பதில் எனக்குக் கோபம் இல்லை. எதற்காக வளைக்கிறார்கள் என்பதில்தான்.

'ஒய்வ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். 1865 நவம்பரில் காஸ்கெல் இறந்தபோது நாவல் முடியவில்லை. 'கார்ன்ஹில்' இதழின் ஆசிரியர் ஒரு குறிப்பு எழுதி, ரோஜரும் நாயகி மோலியும் சேருவார்கள் என்று சொல்லி முடித்துவைத்தார். 1999 தொடரில் டேவிஸ் மழையில் ஒரு காதல் காட்சி வைத்து, அதற்குப் பிறகு மோலியை ரோஜரோடு ஆப்பிரிக்காவுக்கே அனுப்பிவிட்டார். பாலைவனத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள். காஸ்கெல் அப்படி எழுதியிருப்பாரா? சந்தேகம்தான். ஆனால் அந்த மோலி தொடர் முழுக்க அறிவியல் புத்தகம் படித்து, பூச்சி பார்த்து, மற்றவர்களின் ரகசியத்தைச் சுமந்து, வீட்டிலேயே அடைந்து கிடந்தவள். அவளுக்கு அந்த வெளி உரியதுதான். கதையின் உள்ளிருந்து வந்த மாற்றம்.

'நார்த் அண்ட் சவுத்' ரயில் நிலைய முத்தம் அப்படி இல்லை. 1850களில் ஊர் பார்க்க, பட்டப்பகலில், பிளாட்பாரத்தில்! நாவலில் லண்டன் வீட்டின் அறைக்குள், மார்கரெட் தோர்ன்டனுக்கு வியாபாரக் கடன் கொடுக்கிறேன் என்று காகிதத்தைத் தேடிக்கொண்டே காதலைச் சொல்கிறாள். பணம் அவள் கையில், கடன் கேட்க வேண்டிய நிலையில் அவன். அந்தத் தலைகீழ்தான் அந்தக் காட்சியின் சுவையே. தொடரிலும் அவள் அதைச் சொல்கிறாள், ஆனால் யாருக்கு நினைவிருக்கிறது? எல்லோருக்கும் நினைவிருப்பது தோர்ன்டனாக வந்த ரிச்சர்ட் ஆர்மிடேஜின் கழுத்துப்பட்டி இல்லாத சட்டைதான்.

யாழ்_வீணை எழுதியது:

எனக்கும் அதுதான் நினைவிருக்கிறது. அதில் என்ன குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை.

தலைமறைவு எழுதியது:

இந்த இழையில் இதுவரை இரண்டு சட்டை தீர்ப்பு வழங்கியிருக்கிறது. ஒன்று ஈரம், ஒன்று உலர்வு.

மழைக்கால வாசகி எழுதியது:

புதியவற்றைப் பற்றி யாராவது சொல்லுங்கள். 2023 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' ஆரம்பித்து ஒரு எபிசோடோடு நிறுத்திவிட்டேன். ஒலிவியா கோல்மன் மிஸ் ஹாவிஷம் என்பதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

பழைய கேசட் எழுதியது:

ஸ்டீவன் நைட் எழுதியது. டிக்கன்ஸ் தன் காலத்தில் எழுத முடியாததை எல்லாம் நாம் எழுதுகிறோம் என்ற தோரணை. அபின், கெட்ட வார்த்தை, எல்லாம் இருட்டு. டிக்கன்ஸில் உள்ள சிரிப்பை மட்டும் காணோம். வக்கீல் குமாஸ்தா வெம்மிக்கும் அவருடைய கிழட்டுத் தகப்பனும் அந்தப் பொம்மைக் கோட்டை வீட்டில் தினமும் பீரங்கி வெடிக்கிற சந்தோஷம் இல்லாமல் அந்த நாவல் என்ன நாவல்?

'சாண்டிடன்' வேறு ரகம். ஆஸ்டின் 1817இல் சில அத்தியாயங்களோடு விட்டுப் போனது. 2019இல் ஐ.டி.வி.க்காக டேவிஸ் எழுதியபோது, மூலத்தில் இருந்தது முதல் எபிசோட் பாதியிலேயே தீர்ந்துவிட்டது என்று அவரே சொன்னார். மிச்சம் எல்லாம் சொந்தச் சரக்கு.

அப்புறம் காசு விஷயம். இந்தத் தொடர்கள் ஆங்கிலேயர் காசில் மட்டும் எடுத்தவை என்று நினைக்க வேண்டாம். 1971லிருந்து அமெரிக்காவில் பாஸ்டன் டபிள்யூ.ஜி.பி.எச். நிலையம் 'மாஸ்டர்பீஸ் தியேட்டர்' என்று இவற்றை வாங்கி ஒளிபரப்பியது, பிறகு தயாரிப்பிலும் பங்கு போட்டது. 1995 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸு'க்குப் பணம் போட்டவர்களில் அமெரிக்க ஏ அண்ட் ஈ சேனலும் உண்டு. வெளிநாட்டுக்காரன் காசு போடும்போது அவனுக்குத் தெரிந்த புத்தகமாக இருந்தால்தான் நல்லது. அதனால்தான் ஆஸ்டினும் டிக்கன்ஸும் திரும்பத் திரும்ப வருகிறார்கள், ட்ரோலோப் எப்போதாவது எட்டிப் பார்க்கிறார்.

வடக்குவாசல் எழுதியது:

2008 'லிட்டில் டாரிட்'டையும் சேருங்கள். 14 எபிசோட், அதுவும் டேவிஸ், அதுவும் பெரும்பாலும் அரைமணி. நாயகியாக வந்த கிளேர் ஃபாய் அதற்கு முன் யாருக்கும் தெரியாத பெண். தொடர் அமெரிக்காவில் ஏழு எம்மி விருது வாங்கியது. கடன்காரச் சிறையில் பிறந்து வளர்ந்தவளின் கதை, வங்கிகள் கவிழ்ந்துகொண்டிருந்த வருடத்திலேயே வந்தது. மெர்டில் என்ற மோசடிப் பணக்காரனை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கல்தூண், உங்கள் கட்சிக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 'மிடில்மார்ச்' தொடரின் கடைசியில் ஜூடி டென்ச்சின் குரல் வருகிறதே? ஜார்ஜ் எலியட்டாக அவர் நாவலின் முடிவுரையைப் படிக்கிறார். உலகம் இவ்வளவு மோசமில்லாமல் இருப்பதற்குக் காரணம், பெயர் தெரியாமல் வாழ்ந்து யாரும் போய்ப் பார்க்காத கல்லறைகளில் கிடப்பவர்கள் என்கிற பகுதி. கதைசொல்லி அங்கே உயிரோடு வருகிறாரே!

கல்தூண் எழுதியது:

வருகிறார். அதுதான் எனக்கு ஆற்றாமை. ஆறு எபிசோட் பூராவும் வெளியே நிற்கவைத்துவிட்டு, கடைசி நிமிடத்தில் கூப்பிட்டுப் பேசச் சொன்ன மாதிரி இருக்கிறது. டென்ச் பேச ஆரம்பித்ததும் எனக்குத் தோன்றியது: இந்தக் குரல் 29ஆம் அத்தியாயத்திலும் வந்திருக்கலாமே. ரோசமண்டைப் பற்றி நாம் முடிவு கட்டும்போது குறுக்கே வந்திருக்கலாமே. நிலைக்கண்ணாடியில் ஆயிரம் கீறல் இருந்தாலும் மெழுகுவத்தியைக் கொண்டுபோய் வைத்தால் எல்லாக் கீறலும் அந்தச் சுடரைச் சுற்றியே வட்டமிட்டதாகத் தெரியும் என்று ஒரு இடம் உண்டு, ரோசமண்டின் சுயநலத்தைப் பற்றி. அதை ஒரு குரல் சொல்ல, கேமரா சும்மா ரோசமண்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பின்னணிக் குரல் வைத்தால் தொடர் மெதுவாகிவிடும் என்ற பயம் தயாரிப்பாளர்களுக்கு. ஆகட்டுமே. மெதுவாகப் போகிற நாவல்தானே அது.

மழைக்கால வாசகி எழுதியது:

தொடர் வந்த வருடம் பிரிட்டனில் அந்தப் பழைய நாவலின் மலிவுப் பதிப்பு விற்பனைப் பட்டியலில் மேலே ஏறியது. அவ்வளவு பேர் வாங்கினார்கள் என்றால், வெளியே நின்ற கதைசொல்லியைத் தேடிப் போனவர்களும் அதில் இருந்திருப்பார்கள் இல்லையா? அதற்காகவாவது டேவிஸை மன்னியுங்கள்.

கல்தூண் எழுதியது:

வாங்கியவர்களில் எத்தனை பேர் 29ஆம் அத்தியாயம் வரை போனார்கள் என்று பட்டியல் சொல்லாது. மன்னிப்பதைப் பற்றி யோசிக்கிறேன்.

புதுமுகம்_77 எழுதியது:

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியப் பாடத்துக்கு இந்த நாவல்களை நோட்ஸ் மட்டும் வைத்துத் தேறியவன். இப்போது ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் எதிலிருந்து தொடங்குவது?

பழைய கேசட் எழுதியது:

'பார்செஸ்டர் கிரானிக்கிள்ஸ்'. முதல் இரண்டு எபிசோட் 'தி வார்டன்' கதை, ஒரு முதியோர் விடுதியின் வருமானம் யாருக்குப் போக வேண்டும் என்ற தகராறு. மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் ரிக்மன் வந்துவிடுவார்.

மழைக்கால வாசகி எழுதியது:

அவருக்குப் போய் ட்ரோலோப்பா? 1995 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' பாருங்கள் தம்பி. வடக்குவாசல் சொன்ன குறை எல்லாம் இரண்டாவது முறை பார்க்கும்போது யோசித்துக்கொள்ளலாம்.

கல்தூண் எழுதியது:

'பிளீக் ஹவுஸ்', 2005. ஒரு நாளைக்கு ஒரு எபிசோடுக்கு மேல் பார்க்காதீர்கள்.